காற்றில் மிதக்கும் தட்டு

வியாழக்கிழமை காலையில் இடியப்பத்துக்குக் கை கழுவும் முன்பே ஜவுபர் பின்னறைக்குப் போனான். பம்பைப் போட்டுவிட்டு, இசைத்தட்டை வைத்துச் சுற்றுகிற அந்தக் கனத்த உலோகத் தட்டைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளினான். அது அரைச் சுற்று வந்து, எங்கேயோ உரசி, நின்றுவிட்டது.

மறுபடியும் தள்ளினான். மறுபடியும் அதே உரசல். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயைக் கழற்றி உள்ளங்கையில் பிடித்தால் காற்றும் வந்தது. வந்த காற்று தட்டின் அடிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளில் ஜப்பானில் செய்த பாட்டுப் பெட்டி அது. மற்றப் பெட்டிகளைப் போல அதில் தட்டு ஓர் அச்சின் மேல் உட்கார்ந்து சுற்றாது. கீழே இருக்கும் வட்ட மேடையில் மயிரிழை போன்ற துளைகள் உண்டு. பம்ப் ஊதும் காற்று அந்தத் துளைகளால் ஏறி, தாள் கனத்துக்குப் பரவி, ஒன்பது கிலோத் தட்டைத் தூக்கிப் பிடிக்கும். ஊசி பூட்டிய கையும் அப்படித்தான், ஒரு குழாயின் மேல் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். உலோகம் உலோகத்தைத் தொடாதபடியால் பாட்டுக்கு அடியில் எந்த இரைச்சலும் இராது. ஆனால் காற்று நின்றால் அது வெறும் அம்மிதான்.

சனிக்கிழமை அவன் தன் மனைவி றபீக்காவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். திங்கட்கிழமை ஒப்பரேசன். வலது காது அவளுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலோடு போனது. இப்போது இடது காதின் உள்நரம்பில் ஒரு கட்டி. விட்டுவைத்தால் மூளையை நெரிக்கும், எடுத்தால் அந்தக் காதின் கேள்வியும் அதோடு போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். றபீக்கா தலையாட்டிவிட்டு, "உசிர் இரிந்தாப் போதும் டொக்டர்" என்றாள். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்த பிறகுதான் ஜவுபரைப் பார்த்து, "அப்ப அந்தப் பாட்ட அதுக்கு முந்திக் கேட்டுரணும், என்ன" என்றாள்.

அந்தப் பாட்டு என்பது ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியத்தின் வாசிப்பு. ஜவுபர் டோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில், வயதான லெபனான் என்ஜினியர் ஒருவரின் வீட்டில் இந்தப் பெட்டி இருந்தது. பெட்டிக்கென்று தனி அறை, அறைக்கென்று தனி ஏசி, அந்த ஏசிக்கு ஜவுபர். வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்தபடி வீட்டுக்குப் போன் எடுப்பான். பின்னால் ஊத் ஓடிக்கொண்டிருக்கும். றபீக்கா பிள்ளையின் படிப்பைப் பற்றி, கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று, "கொஞ்சம் சும்மா இரிங்க, அதக் கேக்கணும்" என்பாள். போனில் கேட்பது அதன் சாம்பல்தான், ஊருக்கு வரும்போது அந்தப் பாட்டையே கொண்டுவாறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான். என்ஜினியர் வேலையை முடித்துக்கொண்டு பெய்ரூத்துக்குப் போகும்போது, பெட்டியையும் அந்த இசைத்தட்டையும் அவனிடமே கொடுத்துவிட்டார். வாசித்தவர் தன் கைக்காசில் கொஞ்சப் பிரதிகள் மட்டும் அடித்துக்கொண்டதாம். மகள் றிஸ்லா போனில் தேடாத இடமில்லை, எங்கேயும் இல்லை.

பெட்டி கல்முனைக்கு வந்து இரண்டு வருசமாகிறது. றபீக்கா இன்னும் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் ஜவுபர்தான். முதலில் பம்பின் இரைச்சல் சுவரால் ஏறியது. அதைக் குளியலறைக்கு மாற்றினான். பிறகு தரை அதிர்ந்தது. ரப்பர்க் கால் வைத்தான். காற்று விட்டு விட்டு வந்தது. ஏசி கேஸ் தீர்ந்த வெற்றுச் சிலிண்டர் ஒன்றை இடையில் பூட்டி அதைச் சீராக்கினான். "இரைஞ்சாலும் பரவாயில்ல, ஒருக்காப் போடுங்களன்" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டாள். "இன்னும் கொஞ்சம் சரி வரட்டும் புள்ள. பழுதாக் கேட்டா அது கேட்டதில்ல" என்றே அவன் சொல்லிவந்தான்.

கடைசித் தொல்லை ஈரம். கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே வீடு. டோஹாவில் உலர்ந்த காற்றைக் குடித்து வளர்ந்த பம்ப், இங்கே உப்பீரத்தை இழுத்துக் குழாயெல்லாம் தண்ணீராக்கியது. கொழும்பிலிருந்து எடுப்பித்த ஈரம் உறிஞ்சும் மணிகள் தீர்ந்தபோது ஜவுபரின் கண் குசினியில் உப்புப் போத்தலில் விழுந்தது. இந்தக் கரையில் எந்த வீட்டிலும் உப்புக்குள் ஒரு பிடி வறுத்த அரிசி கிடக்கும், உப்புக் கசியாது. அதே வேலையைக் காற்றுக்கும் செய்தால் என்ன? பெரிய போத்தல் நிறைய வறுத்த அரிசியைக் கொட்டி, காற்று அதற்குள்ளால் நுழைந்து போகும்படி குழாயைப் பூட்டினான். அன்றோடு ஈரம் நின்றது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, ஒப்பரேசனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பாட்டுப் போடுவது என்று றபீக்காவுக்கு நாளும் சொல்லிவிட்டான்.

நாளைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. தட்டு அம்மியாகக் கிடக்கிறது.

"மச்சான், இன்னும் அந்தப் பொட்டிக்குள்ளயா ஒங்கட தல?" வாசலில் ஸைனம்பு நின்றாள். றபீக்காவின் ராத்தா, உடன்பிறந்த அக்கா. ஒரே வளவில் அடுத்த வீடு. "ஊடு நெறைஞ்ச சனம் வந்திரிக்கி. ஒப்பரேசனுக்குப் போற புள்ளக்கிட்ட மாப்புக் கேக்க வந்தவங்க, மாப்புள எங்க என்டு கேக்காங்க."

"இந்தா வாறன் மதினி."

"காலத்தால இருந்து வாறன் வாறன் என்டுதான் சொல்றீங்க. அந்த பம்புக்கு ஒரு பொஞ்சாதி இரிந்தா, அவளும் இந்நேரம் உட்டுட்டுப் போயிரிப்பா."

அவளுக்குப் பின்னாலிருந்து றபீக்கா எட்டிப் பார்த்தாள். இடது பக்கத்தைச் சற்று முன்னால் நீட்டியபடி நிற்பது இப்போது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. "என்னகா சொல்றா ராத்தா?"

ஸைனம்பு அவள் காதருகே போய்க் குரலை உயர்த்தினாள். "கடைசியாக் கேக்கிறதுக்குப் பாட்டா என்டு கேக்கன். யாஸீன் சூறா ஓதிக் கேளுகா. காதுக்கும் நல்லது, கப்றுக்கும் நல்லது."

"யாஸீன் எனக்குப் பாடம் ராத்தா. காது போனாலும் உள்ளுக்க ஓதிக்குவன். இது பாடமில்லயே, இதத்தான் கேட்டுட்டுப் போகணும்."

ஸைனம்பு முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள். றபீக்கா நின்று ஜவுபரின் முகத்தைப் பார்த்தாள். அவன் துணியை எடுத்துத் துடைக்க வேண்டியதில்லாத ஓர் இடத்தைத் துடைத்தான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீவராஜ் வந்தான். பாண்டிருப்புக்காரன், ஜவுபரை அண்ணன் முறையில் 'காக்கா' என்பவன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜவுபர் வைத்திருக்கும் ஏசி கடையில் பங்காளி. சனிக்கிழமை வேன் ஓட்டப் போகிறவனும் அவன்தான். இருவருமாகத் தட்டைத் தூக்கித் தலையணை மேல் வைத்தார்கள். மேடையின் துளைகளில் வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"உப்புப் பூத்திரிக்கு காக்கா," என்றான் ஜீவராஜ்.

ஸ்பிரிட் விட்டுத் தேய்த்தார்கள். வெள்ளை கரையவில்லை. இன்னும் விட்டு ஊறவைத்தார்கள். ஊற ஊற அது சீமெந்தாக இறுகியது. குண்டூசி உள்ளே போகாது; மெல்லிய கம்பி வளைந்தது. நேரம் போகப் போக ஜவுபரின் கைகள் பொறுமையை இழந்தன. "பம்ப முழுசாத் தொறந்து ஊதுவம். தள்ளிட்டு வரட்டும்," என்றான்.

"பழைய ரப்பர் காக்கா. தாங்குமா?"

"தாங்கும்."

காற்றைத் திருப்பிவிடும் வால்வை இறுக மூடினான். பம்பின் குரல் மாறியது. முக்கியது, உறுமியது. பிறகு ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு மோட்டார் மட்டும் சும்மா ஓடுகிற சத்தம். ஜீவராஜ் எழுந்து போய்ச் சுவிட்சை நிறுத்தினான். மூடியைத் திறந்தபோது, மூச்சு விடுகிற ரப்பர்ச் சவ்வு நடுவால் கிழிந்து, இரண்டு உதடாகத் தொங்கியது.

ஜவுபர் கழன்று கிடந்த குழாயின் வாயில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் கிள்ளி, எதையோ நினைத்துக்கொண்டு நாக்கில் வைத்தான்.

"என்ன காக்கா, அத வாயில வைக்கிறீங்க? ஸ்பிரிட் பட்டது."

"சோறு."

"என்ன?"

"உப்பில்லடா. சோறு. அரிசி மா இது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் போத்தலைப் பார்த்தார்கள். பம்பின் அதிர்வில் வறுத்த அரிசி ஒன்றோடொன்று உரசி மாவாகி, மா காற்றோடு போய், கடல் ஈரத்தில் குழைந்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் கஞ்சியாக இறங்கியிருக்கிறது. அதன் மேல்தான் இவர்கள் ஸ்பிரிட் விட்டு இறுக வைத்தார்கள். உப்புப் போத்தலுக்குள் அரிசி அசையாமல் கிடக்கும். இது அசைந்துகொண்டே இருந்தது. ஏசிக் குழாயில் ஒரு தூசு இருந்தால் மெசினே போய்விடும் என்று பொடியன்மாருக்குப் படிப்பிக்கிற மனிதன், தன் கையால் ஒரு போத்தல் மாவைக் குழாயில் கட்டியிருக்கிறான்.

ஜீவராஜுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். அவன் சிரிக்கவில்லை. "நாளைக்கு அக்கரைப்பற்றுல ரப்பர் தேடிப் பாப்பம் காக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வந்தவர்களெல்லாம் போன பிறகு றபீக்கா பின்னறைக்கு வந்தாள். "அந்த இரைச்சல் நிண்டுட்டே. சரி வந்துட்டா?"

பம்பின் இரைச்சல் நின்றால் வேலை முடிந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். ஜவுபர் தலையை அசைத்தான். கிழிந்த ரப்பரைத் தூக்கிக் காட்டினான். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க. நான் ஒண்டு சொல்லட்டா? இதோட இரிக்கிற நேரத்துல ஒரு துண்டு என்னோட இரிந்து கதைக்கலாம். திங்கக்கிழமைக்குப் பொறகு நீங்க கதைச்சா நான் ஒங்கட வாயத்தான் பாத்துட்டிரிக்கணும்."

"இத முடிச்சிட்டு வாறன் புள்ள."

சொல்லி முடித்ததும் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. அவள் கோபிக்கவில்லை. வாசல் வரைக்கும் போய், அங்கே ஒரு நொடி நின்று, போய்விட்டாள்.

என்ன கதைப்பது? அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அவன் பேச்சுக்காரன் அல்ல. டோஹாவில் இருந்த காலம் முழுக்க அவள் சொல்வதைக் கேட்டு 'ஓம்' போட்டவன். அவளுக்குச் சொல்ல நினைத்து வாய்க்கு வராததெல்லாம் அந்த ஊத்தில் இருப்பதாக அவனுக்கு ஓர் எண்ணம். அதனால்தானே பெட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். இப்போது அவள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். நாளை மறுநாள் வைத்தியசாலைக்குப் போகிறவள் முன்னால் அதை எப்படி அழுவது? கைக்கு வேலை இருக்கும் வரைக்கும் அவன் தப்பினான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கஞ்சி பிடித்த பானையை யாரும் ஸ்பிரிட் போட்டுக் கழுவுவதில்லையே. கேத்தலில் தண்ணீர் சூடாக்கி, ஸைனம்பு சீனி வருத்தத்துக்கு ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு துளையிலும் சுடுதண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். விட்டுத் துடைத்து, மறுபடி விட்டான். கண் எரிந்தது. முதுகு கடுத்தது. பதினொரு மணி போல ஒரு துளையிலிருந்து கஞ்சி நூலாக நெளிந்து வெளியே வந்தது. ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகும்போது எல்லாத் துளையும் திறந்திருந்தன.

பள்ளியில் சுஜூதில் நெற்றியை வைத்தவன் எழும்புவதற்குச் சுணங்கினான். நோயைக் குணமாக்கு என்று கேட்கவேண்டியவன், யா அல்லாஹ், அரை மணித்தியாலம், அரை மணித்தியாலத்துக்குக் காற்றுத் தா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் தொழுதவர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

தொழுகை முடிந்து ஜீவராஜின் மோட்டார் சைக்கிளில் அக்கரைப்பற்றுக்கு ஓடினார்கள். ரப்பர் வாசர் விற்கிற கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். கடைசிக் கடையில் முதலாளி கிழிந்த சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பம்ப் இது? தண்ணிப் பம்பா?"

"காத்துப் பம்ப். பாட்டுப் பொட்டிக்கு."

"பாட்டுக்கா பம்ப்?" அவர் உள்ளே திரும்பி, "டேய் பஸால், இஞ்ச வந்து பாரு. பாட்டுக்குக் காத்தடிக்கப் போறாராம்," என்றார். பிறகு ஜவுபரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "இப்படிச் சாமான் இஞ்ச கிடையா தம்பி. மீன் தொட்டிப் பம்புதான் இரிக்கி. வேணுமா?"

மீன் தொட்டிப் பம்ப் ஒன்பது கிலோத் தட்டைத் தூக்காது. ஒரு லொறி டியூப் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கிழிந்த சவ்வை அதன் மேல் வைத்துக் கோடு கீறி, வெட்டி, துளை போட்டு, பூட்டி, பம்பைப் போட்டான். கனத்த ரப்பர், வளைய மாட்டேன் என்றது. பம்ப் எருமை போல முக்கியது. குழாயில் மூச்சளவு காற்று. மெல்லிய ரப்பரைத் தேடிச் சைக்கிள் டியூபை வெட்டினான். அது ஊதி, புடைத்து, ஓரத்தால் கிழிந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது றிஸ்லா தேநீரோடு வந்தாள். வாப்பா நிலத்தில், வெட்டிப்போட்ட ரப்பர் வட்டங்களுக்கு நடுவில், தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"வாப்பா, விடுங்க. உம்மா ஒண்டும் நினைக்க மாட்டா."

"நினைக்க மாட்டா. அதுதான்," என்றான் ஜவுபர். "ரெண்டு வருசமாக் கேட்டா. இரைஞ்சாலும் போடுங்க என்டா. நான்தான் போடல்ல."

றிஸ்லா தேநீரை வைத்துவிட்டு, ரப்பர்த் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அன்றைக்குச் சொன்ன நாளில் பாட்டு இல்லை. றபீக்கா பயணப் பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பகல் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்படுவதாக ஏற்பாடு. காலையில் ஜீவராஜ் வேனில் ஒரு நைட்ரஜன் சிலிண்டரையும் போட்டுக்கொண்டு வந்தான். ஜவுபர்தான் கேட்டிருந்தான். பாட்டு இல்லையென்று ஆன பிறகும் மேடையின் துளைகளில் நேற்றைய தண்ணீர் நின்றது. ஏசிக் குழாயைக் கழுவினால் நைட்ரஜன் ஊதி உலர்த்தாமல் மூடக்கூடாது. இத்தனை வருசத்து வேலையில் அவன் கையை விட்டுப் போகாத பழக்கம் அது. ஈரத்தோடு விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனால் திரும்பி வரும்போது எல்லாம் பூத்துப்போய்க் கிடக்கும். பாட்டுப் போடாத பெட்டிக்கும் அந்த நியாயம் உண்டு.

"ஜன்னலத் தொறந்து வையுங்க காக்கா. இது மூச்சுக்கு ஆகாத காத்து," என்று ஜீவராஜ் இரண்டு ஜன்னலையும் தள்ளித் திறந்தான்.

சிலிண்டரின் வால்வை மயிரளவு திறந்தார்கள். துளைகளில் நின்ற தண்ணீர் பொட்டுப் பொட்டாக வெளியே வந்து, பிறகு நின்றது. ஜவுபர் லுஹர் தொழுதுவிட்டு வந்ததும், எல்லாத் துளையும் ஒரே மாதிரி ஊதுகிறதா என்று பார்ப்பதற்காக இருவரும் தட்டைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். ஜவுபர் சுண்டுவிரலால் தொட்டான். தட்டு அசைந்தது. அசைந்தது நிற்கவில்லை. சத்தமில்லாமல், ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதைத்தானே இரண்டு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு வந்திருக்கிறது, பம்ப் செத்த பிறகு. அவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றான்.

றபீக்கா அபாயா போட்டு, பயணத்துக்கு வெளிக்கிட்டு வந்து வாசலில் நின்றாள். "சுத்துதே," என்றாள்.

"சும்மா. உலர்த்துறத்துக்கு வெச்சது," என்றான் ஜவுபர், அவள் காதருகே வந்து.

"சுத்துதுதானே?"

"பம்ப் இல்லயே புள்ள."

"அப்ப இப்ப எதுல சுத்துது?"

ஜவுபர் சிலிண்டரைப் பார்த்தான். ஜீவராஜ் ஜவுபரைப் பார்த்தான். அடுப்பங்கரையில் ஏதோ விழுந்து உருண்டது. ஜீவராஜ் தன் நெற்றியில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"காக்கா," என்றான், "கடையில இந்தச் சிலிண்டர் எத்தின கிடக்கு?"

டோஹாவில் என்ஜினியர் ஜவுபருக்குப் பம்பைக் காட்டி, இதுதான் இதன் நெஞ்சு என்று சொன்னார். அந்தச் சொல்லை நம்பி இரண்டு வருசம் அந்த நெஞ்சுக்கே வைத்தியம் பார்த்தான். உலர்ந்த காற்று, சுத்தமான காற்று, இரைச்சலே இல்லாத காற்று, ஒவ்வொரு நாளும் அவன் தோளில் தூக்கிச் சுமக்கிற இரும்பில் அடைபட்டுக் கிடந்தது.

இசைத்தட்டை உறையிலிருந்து எடுப்பதற்குள் இரண்டு தரம் துணியில் கையைத் துடைத்தான். றபீக்காவுக்குக் கதிரையை இழுத்து, அவளுடைய இடது காது ஸ்பீக்கர் பக்கம் வரும்படி வைத்தான். சிலிண்டரின் குழாயை ஊசிக் கைக்கும் பூட்டி, காற்றின் அழுத்தத்தை முள் பார்த்துச் சரிசெய்தான். ரசமட்டத்தை ஒரு தரம் வைத்துப் பார்த்து எடுத்தான். மோட்டாரின் நூலைத் தட்டில் மாட்டிச் சுற்றவிட்டு, ஊசியை இறக்கினான்.

முதலில் ஒன்றுமில்லை. பெரும்பாலான பெட்டிகளில் இந்த இடத்தில் ஒரு கரகரப்பு வரும். இங்கே வெறும் அமைதி. அதற்குள்ளிருந்து ஊத்தின் முதல் கம்பி எழுந்தது. டோஹாவில்கூட இப்படிக் கேட்டதில்லை. அங்கே சுவருக்கு அப்பால் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது அல்லவா. வாசிப்பவரின் விரல் கம்பியில் நகர்வதும், அவர் மூச்சை இழுப்பதும் இந்த அறைக்குள் நடப்பது போல இருந்தது. ஜவுபர் றபீக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். "தொடங்கிட்டா?" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

அவள் இன்னும் முன்னால் குனிந்தாள். "ம்... வருது. கீழ ஒண்டு வருது. டும் என்டு, அடுத்த ஊட்டுக்க ஆரோ நடக்கிற மாதிரி. மத்தது இல்ல."

அவன் சத்தத்தைக் கூட்ட எழுந்தான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கூட்டாதீங்க. கூட்டினாக் கிழியுது. எனக்கு உள்ளதுதான் கேக்கும்."

தெரிந்திருக்க வேண்டியதுதான். போன் மணியும் குயில் சத்தமும் அவளை விட்டுப் போய் எத்தனையோ மாதம். மேல் கம்பிகள் அவளுக்கு இனி எட்டாது. போன வருசம் எட்டியிருக்கும். அதற்கு முந்திய வருசம் நிச்சயமாக எட்டியிருக்கும், பம்ப் இரைந்தால்கூட. ஜவுபர் அவள் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தான். ஜீவராஜ் ஓசைப்படாமல் வெளியே போனான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "எப்படி இரிக்கி?" என்று கேட்டாள். "நல்லா இரிக்கா?"

ஜவுபர் முழங்காலில் எழுந்து, அவள் இடது காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனான்.

"இப்ப மேல் கம்பியில போறார்," என்றான். "சின்னச் சின்னதா. மழ இறங்க முந்தி தகரத்துல நாலு துளி விழுமே. அப்படி."

"ம்."

"இப்ப நிப்பாட்டிட்டார். யோசிக்கார். ஒரு விரல் மட்டும் கம்பியில கிடக்கு. இந்தா, மறுகாத் தொடங்குறார். ரெண்டு கம்பியும் சேந்து. வாய்க்கால்ல பலகய எடுத்தாத் தண்ணி பாயுமே, அப்படிப் பாயுது."

"எந்த வாய்க்கால்ல?"

"ஒங்கட வாப்பாட வயல் வாய்க்கால்ல. நம்ம கலியாணம் முடிச்ச போகம்."

"நீங்க வரம்புல வழுக்கி விழுந்தீங்களே, அண்டைக்கா?"

"அத ஏன் இப்ப எடுக்கிற?"

றபீக்கா சிரித்தாள். சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்டிருக்கிறாள். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் குரல் தடித்த குரல். கீழ்க் கம்பிகளோடு சேர்ந்தது. அதை உணர்ந்ததும் அவனுக்கு நெஞ்சுக்குள் எதுவோ உடைந்து, உடைந்த இடத்தால் பேச்சு வந்தது. மேல் கம்பி போகும் வழியெல்லாம் சொன்னான். டோஹாவில் ஒரு வெள்ளிக்கிழமை போனை வைத்துவிட்டு அந்த ஏசி மெசினுக்குப் பின்னால் போய் அழுததைச் சொன்னான். திங்கட்கிழமையை நினைக்கப் பயமாக இருக்கிறது என்று சொன்னான். "எனக்கும்தான்," என்றாள் அவள்.

"தம்பி ஜீவராஜ், வேனத் திருப்பு. லுஹர் முடிஞ்சி எவ்வளவு நேரம்," என்று முற்றத்தில் ஸைனம்புவின் குரல் கேட்டது. தலையணையும் சுடுதண்ணிப் போத்தலுமாக அறை வாசலுக்கு வந்தவள், உள்ளே பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். திரும்பிப் போய், "கொஞ்சம் நில்லு மனே. அவசரமில்ல," என்றாள்.

ஊசி கடைசி வட்டத்துக்கு வந்தது. ஜவுபர் எழுந்து ஊசிக் கையைத் தூக்கினான். தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிட்டா?" என்றாள் றபீக்கா.

"இந்தப் பக்கம் முடிஞ்சிட்டு."

"மத்தப் பக்கமும் இரிக்கா?"

"இரிக்கி."

"வேன் நிக்கும்தானே?"

"நிக்கும்."

அவன் இசைத்தட்டை எடுத்துப் புரட்டி வைத்தான். ஊசியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது றபீக்கா எழுந்து நின்று கதிரையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி அதைத் திருப்பிப் போட்டாள். இடது காது அவன் பக்கம் வரும்படி சரிபார்த்து உட்கார்ந்துகொண்டாள்.